லாங்ஹார்ன் மாட்டைத் தேடி டெக்சாஸ்ல

வியாழன், ஆஸ்டின்

அமெரிக்காவுல காலேஜ் ஃபுட்பால்ங்கிறது தனி உலகம். ஒவ்வொரு யூனிவர்சிட்டி டீமுக்கும் ஒரு பட்டப்பேரு இருக்கும், அந்தப் பேருக்கு ஏத்த ஒரு மிருகமும் இருக்கும், முக்கால்வாசி இடத்துல யாராவது ஒரு பையன் அந்த மிருக வேஷத்தை மாட்டிக்கிட்டு மைதானத்தைச் சுத்தி ஆடுவான். ஆஸ்டின்ல இருக்குற டெக்சாஸ் யூனிவர்சிட்டில வேஷமும் உண்டு, அது போக உயிரோட ஒரு லாங்ஹார்ன் எருதையே, அதாவது நீளக் கொம்பு வச்ச டெக்சாஸ் மாட்டையே, ஹோம் மேட்சுக்குக் கொண்டு வந்து நிறுத்துவாங்க. பேரு பீவோ. அந்த மாட்டைப் பாக்கணும், அது எப்படி ஒரு யூனிவர்சிட்டிக்குள்ள வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கணும், அதுக்காகவே லீவு போட்டு வந்தேன். சித்தப்பா பையன் இங்கதான் வேலை பாக்குறான், மதியம் ஏர்போர்ட்ல இருந்து கூட்டிட்டு வந்து சாப்பாடு போட்டு சாயங்காலம் கேம்பஸ்ல இறக்கிவிட்டான்.

307 அடி டவர் ஒண்ணு நடு கேம்பஸ்ல நிக்குது, 1937ல கட்டினது, டீம் ஜெயிச்சா ராத்திரி ஆரஞ்சு கலர்ல எரியும். பக்கத்துலயே குவாடலூப் ஸ்ட்ரீட், கடை, காபி, டீஷர்ட்னு ஒரே கூட்டம், எந்தக் கடைக்குப் போனாலும் மாட்டுக் கொம்புதான், தொப்பில கொம்பு, டம்ளர்ல கொம்பு, குழந்தைங்க சாக்ஸ்ல கொம்பு.

டீம் பேரும் லாங்ஹார்ன்ஸ்தான், ஆனா அது மாட்டைப் பாத்து வந்த பேரு இல்ல, பேப்பர்ல இருந்து வந்த பேரு. 1900கள் ஆரம்பத்துல இந்த டீமுக்கு உருப்படியா ஒரு பேரே கிடையாது, சும்மா வார்சிட்டின்னு எழுதுவாங்க. 1903 வாக்குல ஸ்டூடன்ட் பேப்பரான டெக்சனுக்கு அலெக்ஸ் வைஸ்பர்க்னு ஒருத்தர் எடிட்டர், டி.ஏ. ஃப்ராங்க்னு ஒரு பையன் ஸ்போர்ட்ஸ் எழுதுறவர். எந்த டீமைப் பத்தி எழுதினாலும் லாங்ஹார்ன்ஸ்னே எழுது, திரும்பத் திரும்ப எழுதினா பேரு தானா ஒட்டிக்கும்னு எடிட்டர் சொல்லியிருக்கார், சொன்ன மாதிரியே ஒட்டிக்கிச்சு. 1913ல ஹெச்.ஜே. லட்சர் ஸ்டார்க்ங்கிற பணக்காரர் பிளேயர்ஸுக்கு லாங்ஹார்ன்னு பேரு போட்ட போர்வை வாங்கிக் குடுத்தார், அதோட ஊர் முழுக்க அந்தப் பேருதான்.

24வது ஸ்ட்ரீட் பக்கம் போனா லிட்டில்ஃபீல்ட் ஹவுஸ்னு 1893ல கட்டின சிவப்புக் கல் மாளிகை இருக்கு. ஜார்ஜ் லிட்டில்ஃபீல்ட் உள்நாட்டுப் போர்ல அடிமை முறையைக் காப்பாத்த நின்ன தென்மாநிலப் பக்கம் சண்டை போட்டவர், போருக்கு அப்புறம் 1871ல மாட்டு மந்தையை கான்சஸ் வரைக்கும் ஓட்டிட்டுப் போய் வித்தார், அதுல ஆரம்பிச்சு பெரிய பணக்காரராகி இந்த யூனிவர்சிட்டிக்கு அள்ளிக் குடுத்தார். யூனிவர்சிட்டிக்கு வந்த பணத்துல ஒரு பங்கு மாட்டுப் பணம்ங்கிறத இங்க வந்துதான் தெரிஞ்சுக்கிட்டேன். வீட்டு முற்றத்துல ஒரு தேவதாரு மரம், இமயமலைல இருந்து வரவழைச்சு வச்சதாம்! டெக்சாஸ் வெயில்ல அது இவ்வளவு உசரம் வளந்து நிக்குறதப் பாத்து கொஞ்ச நேரம் அங்கயே உக்காந்துட்டேன்.

இன்னொரு விஷயம், மாடு வர்றதுக்கு முன்னாடி இங்க ஒரு நாய்தான் எல்லாருக்கும் செல்லம். பேரு பிக் பெல்மாண்ட். முதல் அத்லெடிக்ஸ் டைரக்டர் தியோ பெல்மாண்ட் 1914ல ஹூஸ்டன்ல இருந்து குட்டியா கொண்டு வந்த நாய், பிக் டிட்மர்னு கூப்புடுற ஒரு பிளேயருக்கும் அதுக்கும் கால் ஒரே மாதிரி வளைஞ்சு இருந்துச்சுன்னு அவர் பேரையே வச்சுட்டாங்க. கிளாஸுக்குள்ள போகும், லைப்ரரிக்குப் போகும், வெளியூர் மேட்சுக்கும் போகும். 1923 ஜனவரி 1ஆம் தேதி இதே குவாடலூப் பக்கத்துல கார் அடிச்சு செத்துப்போச்சு. அதுக்கு சவப்பெட்டி, ஆரஞ்சும் வெள்ளையும் ரிப்பன், முன்னாடி பேண்ட் வாசிச்சுக்கிட்டு ஊர்வலம், இன்ஜினியரிங் டீன் இரங்கல் பேச்சு, எல்லாம் நடந்துருக்கு. இதப் படிச்சதுல இருந்து ஒரு கேள்வி மனசுல ஓடிக்கிட்டே இருக்கு, நாய்க்கு இவ்வளவு மரியாதை செஞ்ச அதே ஊரு, அதே காலத்துல, முதல் மாட்டுக்கு என்ன செஞ்சுச்சு? அதை நாளைக்கு எழுதுறேன்.

வெள்ளி, ஆஸ்டின்

காலைல இருந்து பழைய பத்திரிகை படிக்கிற வேலைதான். இங்க பழைய மாணவர் சங்கத்துக்கு அல்கால்டேன்னு ஒரு பத்திரிகை இருக்கு, அதோட 1916, 1917 இதழெல்லாம் ஆன்லைன்லயே கிடைக்குது. லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு கேம்பஸ் புல்வெளில உக்காந்துட்டேன்.

இந்த ஊர்ல யாரைக் கேட்டாலும் ஒரு கதை சொல்லுவாங்க. நேத்து டீஷர்ட் கடைல ஒரு பெரியவர் சொன்னார், இன்னைக்குக் காலைல தம்பியும் அதையேதான் சொன்னான். "அண்ணா, பக்கத்து ஊர் ஏ அண்ட் எம் காலேஜ் பசங்க ராத்திரி வந்து மாட்டு மேல 13-0ன்னு சூடு போட்டுட்டாங்க, அது அவங்க ஜெயிச்ச ஸ்கோரு. இவங்களுக்கு மானம் போச்சு. உடனே 13ஐ B ஆக்கி, கோட்டை E ஆக்கி, நடுவுல ஒரு V போட்டு BEVOன்னு மாத்திட்டாங்க, அப்படி வந்த பேருதான்." கேக்க நல்லாத்தான் இருக்கு, டெக்சாஸ் முழுக்க நூறு வருஷமா இதைத்தான் சொல்லிக்கிட்டு இருக்காங்க.

நடந்தது வேற. ஸ்டீஃபன் பிங்க்னின்னு ஒரு பழைய மாணவர், அரசாங்க வக்கீல் ஆபீஸ்ல வேலை. லரேடோ பக்கத்துல மாட்டுத் திருடனுங்களைப் பிடிக்கப் போன இடத்துல ஆரஞ்சு நிறத்துல ஒரு லாங்ஹார்ன் எருதைப் பாத்துருக்கார், நம்ம யூனிவர்சிட்டி கலராச்சேன்னு மனசுல பட்டுருக்கு. 124 பழைய மாணவர்கள்கிட்ட ஆளுக்கு 1 டாலர் வசூல் பண்ணி மாட்டை வாங்கி கூட்ஸ் பெட்டில ஏத்தி ஆஸ்டினுக்கு அனுப்பிட்டார். வழில தீனி இல்ல, தண்ணி இல்ல. 1916 நவம்பர் 30, தேங்ஸ்கிவிங் நாள், ஏ அண்ட் எம் கூட மேட்ச், ஆஃப் டைம்ல அந்தப் பட்டினி மாட்டை ரெண்டு கௌபாய் கயிறு போட்டு மைதானத்துக்குள்ள இழுத்துட்டு வந்தாங்க. அவ்வளவு கூட்டத்தையும் சத்தத்தையும் அது வாழ்க்கைல பாத்தே இருக்காது. அன்னைக்கு டெக்சாஸ் 21-7ல ஜெயிச்சுது. அப்புறம் தெற்கு ஆஸ்டின் தொழுவத்துல வச்சு போட்டோ எடுக்கப் போனா கேமராவையே முட்ட வந்துருக்கு.

இப்ப தேதியைக் கவனிங்க. 1916 டிசம்பர் அல்கால்டே இதழ்ல எடிட்டர் பென் டையர் அந்த மேட்சைப் பத்தி எழுதும்போதே மாட்டோட பேரு பீவோன்னு அச்சுல போட்டுட்டார். சூடு போட்டது 1917 பிப்ரவரில. அதாவது பேரு வச்சு ரெண்டு மாசம் கழிச்சுதான் ஏ அண்ட் எம் பசங்க தொழுவத்துக்குள்ள பூந்துருக்காங்க, 1915ல அவங்க ஜெயிச்ச 13-0வை மாட்டு விலாவுல காய்ச்சின இரும்பால எழுதியிருக்காங்க. அதனால சூட்டுத் தழும்புல இருந்து பேரு வந்திருக்கவே முடியாது. யூனிவர்சிட்டி வரலாறு எழுதுறவங்களும் இதைப் பலமுறை சொல்லியாச்சு, இருந்தும் கதை சாகல. பேரு எங்கிருந்து வந்துச்சுங்கிறதுக்கு ரெண்டு விளக்கம் இருக்கு, கறிக்கு வளக்குற மாட்டுக்கு அந்தக் காலத்துப் பேச்சுல பீவ்னு சொல்லுவாங்க அது கூட ஒரு ஓ சேத்துட்டாங்கன்னு ஒண்ணு, அப்ப அன்ஹைசர் புஷ் கம்பெனி பீவோன்னு ஒரு போதையில்லாத பீர் வித்துச்சு அந்தப் பேருதான்னு இன்னொண்ணு. முதல் விளக்கம்தான் எனக்குப் பொருத்தமா படுது.

என்னை உறுத்துறது பேரு விஷயம் இல்ல. சூடு போட்டத எல்லாரும் சிரிச்சுக்கிட்டே சொல்றாங்க, ரெண்டு காலேஜுக்கு நடுவுல யாரு மூக்கு உடைஞ்சதுங்கிறதுலயே கதை முடிஞ்சுடுது. அந்த மாட்டுக்கு வலிச்சிருக்குமேங்கிற பேச்சு ஒருத்தர் வாயிலயும் வரல. இத்தனைக்கும் அதுக்கு முன்னாடி டெக்சாஸ் பசங்களே ஒரு பக்கம் T, இன்னொரு பக்கம் 21-7ன்னு சூடு போடலாமான்னு ஸ்டூடன்ட் பேப்பர்ல விவாதம் பண்ணிக்கிட்டு இருந்திருக்காங்க, எதிரி முந்திக்கிட்டான், அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்புறம் என்ன ஆச்சுன்னா, மாட்டை ஆஸ்டினுக்கு மேற்கே ஒரு ராஞ்சுக்கு அனுப்பிட்டாங்க, 1917 ஏப்ரல்ல அமெரிக்கா உலகப் போர்ல இறங்குச்சு, பசங்க எல்லாம் பட்டாளத்துக்குப் போயாச்சு, மாட்டைப் பத்தி யாரு நினைப்பா. போர் முடிஞ்சு வந்து பாத்தா மாடு பழகவே இல்ல, தீனிச் செலவு ஒரு நாளைக்கு 60 சென்ட் ஆகுது. என்ன பண்ணலாம்னு யோசிச்சு கொழுக்க வச்சு அறுத்துட்டாங்க. 1920 ஜனவரி, ஃபுட்பால் டீம் விருந்து, பார்பிக்யூ. ஏ அண்ட் எம் ஆளுங்களையும் விருந்துக்குக் கூப்பிட்டு, 13-0 சூடு இருந்த பக்கத்துத் தோலை அவங்க கையிலேயே குடுத்து அனுப்பினாங்க.

நான் கறி சாப்புடுறவன்தான், ராஞ்ச்ல வளந்த மாட்டைச் சாப்பிட்டாங்கன்னு நான் யாரையும் குறை சொல்ல வரல. ஆனா இது 124 பேர் ஆசையா காசு போட்டு வாங்கி, பேரு வச்சு, எங்க அடையாளம்னு கூட்டத்துக்கு நடுவுல நிறுத்தின மாடு. அதைப் படிச்சு முடிச்சதும் அந்த 1916 போட்டோவை மறுபடி பெருசு பண்ணிப் பாத்தேன், எலும்பு தெரியுற உடம்பு, தலையைத் தூக்கிக்கிட்டு நிக்குது.

சனி, ஆஸ்டின், மேட்ச் நாள்

காலைலயே ஊரு ஆரஞ்சு. சான் ஹசின்டோ ரோட்டை மறிச்சு பீவோ புலவார்டுன்னு திருவிழா மாதிரி ஆக்கிடறாங்க, சாப்பாட்டுக் கடை, பாட்டு, குழந்தைங்க விளையாட்டு. பீவோ வர்ற நேரம் ஆனதும் ஜனம் ரெண்டு பக்கமும் ஒதுங்கி நிக்குது, எங்க ஊர் தேர் தெரு முனை திரும்பும்போது ஒரு அமைதி வருமே அப்படி ஒரு அமைதி, அப்புறம் ஒரே சத்தம்.

இப்ப இருக்குறது 15வது பீவோ, 2016 செப்டம்பர்ல நோட்டர்டேம் மேட்ச்ல முதல் தடவை வந்தது. ஆஸ்டினுக்கு வடமேற்கே லிபர்டி ஹில்ல இருக்குற சன்ரைஸ் ராஞ்ச் மாடு, இதுக்கு முந்தின 14வது பீவோவும் அங்க வளந்ததுதான். சில்வர் ஸ்பர்ஸ்ங்கிற மாணவர் குழுதான் 1940கள்ல இருந்து மேட்ச்சுக்கு பீவோவைக் கூட்டிட்டு வந்து பாத்துக்குறாங்க, தொப்பி போட்டு, கால்ல தோல் உறை கட்டி, கயிறு பிடிச்சுக்கிட்டு வர்றாங்க.

தடுப்புக்கு ரொம்பப் பக்கத்துல நின்னு பாத்தேன். காவி கலந்த ஆரஞ்சு உடம்பு, முகத்துலயும் வயித்துலயும் வெள்ளை, மூஞ்சில கட்டியிருக்குற தோல் வார்ல BEVOன்னு எழுத்து. கொம்பு முதல்ல நேரா பக்கவாட்டுல போய் அப்புறம்தான் மேல வளையுது, நுனி கறுப்பா மழுமழுன்னு இருக்கு, வேர்ப் பக்கம் மரப்பட்டை போல சொரசொரப்பு. தலையைத் திருப்பினா சுத்தி நிக்குற பசங்க எல்லாரும் ஒரே நேரத்துல ஒரு அடி பின்னால போறாங்க, பழகின பசங்க, அதுக்கு எவ்வளவு இடம் வேணும்னு உடம்புக்கே தெரிஞ்சிருக்கு. அது பாட்டுக்கு அசை போட்டுக்கிட்டு இருந்துச்சு, ஈ உக்காந்தா தோலை மட்டும் சிலிர்த்துக்குது.

ஸ்டேடியத்துல ஒரு லட்சம் பேர். எல்லார் கையும் மேல, ஆள்காட்டி விரலும் சுண்டு விரலும் நீட்டி கொம்பு மாதிரி, இந்தச் சைகையை 1955ல ஹார்லி கிளார்க்ங்கிற சியர்லீடர் கிரெகரி ஜிம் கூட்டத்துல காட்டினார், அன்னைல இருந்து இதுதான் இவங்க வணக்கம். பாயிண்ட் எடுத்தா ஸ்மோக்கின்னு ஒரு பீரங்கி வெடிக்கும். எனக்கு மேட்ச்சை விட தெற்கு மூலைல இருந்த பீவோ மேலதான் கண்ணு. பீரங்கி வெடிச்சப்ப காது மட்டும் பின்னால போச்சு, மத்தபடி படுத்தே இருந்துச்சு.

எல்லா நாளும் இப்படி இல்ல. 2019 ஜனவரி 1, நியூ ஆர்லியன்ஸ்ல சுகர் பவுல், எதிர் டீம் ஜார்ஜியாவோட புல்டாக் நாய் உகாவையும் இதையும் மேட்ச்சுக்கு முன்னாடி போட்டோவுக்காகப் பக்கத்துல கொண்டு வந்தாங்க, பீவோ தடுப்பைத் தள்ளிக்கிட்டு பாஞ்சுருச்சு, ஆளுங்க நாயை இழுத்து காப்பாத்திட்டாங்க. உயிருள்ள மிருகங்களை மேட்ச்சுக்குக் கொண்டு வர்றதையே நிறுத்துங்கன்னு பீட்டா கேட்டுச்சு, ரெண்டு யூனிவர்சிட்டியும் கேக்கல. 2024 டிசம்பர்ல அட்லாண்டால எஸ்.ஈ.சி.ங்கிற இவங்க லீக்கோட ஃபைனலுக்கு மட்டும் மைதான ஓரத்துல இடம் பத்தாதுன்னு பீவோவை உள்ள விடல, ரசிகர்களுக்கு ஒரே கோவம். எனக்கு அந்த முடிவு சரின்னுதான் படுது. இவ்வளவு பெரிய மிருகத்துக்கு இடம் இருந்தா கூட்டிட்டு வரணும், இல்லாட்டி விட்டுடணும். இங்க இன்னைக்குப் பாத்த வரைக்கும் நிழல், தண்ணி, நாலு பக்கமும் பழகின ஆளு எல்லாம் இருந்துச்சு, 1916 மாட்டுக்கு இதுல ஒண்ணு கூட கிடைக்கல.

ஞாயிறு, ரவுண்ட் ராக்

மெதுவா எழுந்து இட்லி சாப்பிட்டுட்டு பக்கத்துல ரவுண்ட் ராக் போனோம். பிரஷி க்ரீக்னு ஒரு ஓடை, நடுவுல உருண்டையா மேஜை போல ஒரு சுண்ணாம்புப் பாறை, ஊருக்கே அதுதான் பேரு. இந்த இடத்துல தண்ணி ஆழம் கம்மி, அதனால சிஷம் டிரெயில் வழியா வடக்கே ஓட்டிட்டுப் போன மந்தைங்க இங்க இறங்கித்தான் ஓடையைக் கடக்கும். கரைப் பாறைல வண்டிச் சக்கரம் தேஞ்ச தடம் இன்னும் இருக்கு, கையை வச்சுப் பாக்கலாம், விரல் உள்ள இறங்குது. தம்பி பொண்ணு அதுல தண்ணி ஊத்தி விளையாடிக்கிட்டு இருந்தா. பார்க்கிங் ஃப்ரீ, மதியத்துக்குள்ள போயிடுங்க, வெயில் தாங்காது.

திங்கள், காலேஜ் ஸ்டேஷன்

ஆஸ்டின்ல இருந்து கிழக்கே ரெண்டு மணி நேரத்துக்குள்ள, ஏ அண்ட் எம். பீவோவுக்குச் சூடு போட்டவங்க ஊரு. ஒரு பக்கத்துக் கதையை மட்டும் கேட்டுட்டுப் போகக்கூடாதுன்னு வந்தேன்.

இவங்க மஸ்காட் ஒரு நாய், ரெவெலி. 1931ல கேடட் பசங்க, அதாவது காலேஜ்லயே ராணுவப் பயிற்சி எடுக்குறவங்க, ஓட்டிட்டு வந்த கார்ல ஒரு கறுப்பு வெள்ளை நாய் அடிபட்டுச்சு, ஹாஸ்டலுக்குத் தூக்கிட்டு வந்து ஒளிச்சு வச்சாங்க, மறுநாள் விடியல்ல எழுப்புற பியூகிள் ஊதினதும் அது குரைச்சது, அந்த பியூகிள் இசையோட பேரே நாய்க்கும் ஆச்சு. இப்ப ரஃப் காலி ஜாதி நாய்தான் வைக்கிறாங்க, கேடட் படைல எல்லாரையும் விட ரேங்க் அதுக்குத்தான் பெருசு, மேடம்னுதான் கூப்புடணும். அது எந்த கேடட் கட்டில்ல ஏறிப் படுக்குதோ அவன் வேற இடம் பாத்துக்கணும். கிளாஸ்ல குரைச்சா கிளாஸ் முடிஞ்சுதுன்னு வழக்கம்.

இவங்க ஸ்டேடியமான கைல் ஃபீல்டோட வடக்கு வாசல்ல பழைய ரெவெலிகளோட சமாதி இருக்கு. முதல் ரெவெலி 1944ல செத்தப்ப அதை ஸ்டேடியம் வாசல்ல புதைச்சாங்க, அங்கிருந்து ஸ்கோர்போர்டு தெரியணும்னு. பின்னாடி ஸ்டேடியத்தைப் பெருசாக்கினப்ப கட்டடம் மறைச்சுடுச்சு, அதனால சமாதிங்களுக்கு நேரா வெளிய தனியா ஒரு குட்டி ஸ்கோர்போர்டு மாட்டியிருக்காங்க. இந்த அளவுக்கு யோசிச்சு மாட்டின மனசுக்காகவே இந்த ஊரைப் பிடிச்சுப்போச்சு.

ஆனா போட்டின்னு வந்துட்டா இங்கயும் அதே கதைதான், 1993 டிசம்பர்ல டெக்சாஸ் பசங்க ஆறாவது ரெவெலியை டல்லாஸ்ல ஒரு வீட்டுக் கொல்லைல இருந்து தூக்கிட்டுப் போயிட்டாங்க, சில நாள் கழிச்சு ஆஸ்டின் பக்கம் டிராவிஸ் ஏரிகிட்ட ஒரு கம்பத்துல கட்டிக் கிடந்துச்சு. நல்லவேளை காயம் இல்ல. இந்த ரெண்டு டீமும் 2011க்கு அப்புறம் 13 வருஷம் மோதிக்கவே இல்ல, 2024 நவம்பர்ல இதே கைல் ஃபீல்ட்ல மறுபடி ஆரம்பிச்சாங்க, டெக்சாஸ் 17-7ல ஜெயிச்சுது. மாட்டையும் நாயையும் விட்டுட்டு மனுஷங்க மட்டும் மோதிக்கட்டும், எத்தனை வருஷம் வேணாலும் நான் பாக்கத் தயார்.

செவ்வாய், ஃபோர்ட் வொர்த்

காலைல கிளம்பி மூணு மணி நேர டிரைவ். ஸ்டாக்யார்ட்ஸ்னு பழைய மாட்டுச் சந்தை, எக்ஸ்சேஞ்ச் அவென்யூல தினமும் காலை 11:30க்கும் சாயங்காலம் 4 மணிக்கும் லாங்ஹார்ன் மந்தையைத் தெருவுல ஓட்டிட்டு வர்றாங்க, காசு கிடையாது. கொஞ்சம் முன்னாடியே போய் நிழல்ல இடம் பிடிச்சுக்கோங்க.

எதிர்பாத்ததை விட மெதுவா வருதுங்க. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு நிறம், புள்ளி, வரி, சாம்பல், ஒண்ணோட கொம்பு ஒரு பக்கம் மேல ஒரு பக்கம் கீழ. கல் பதிச்ச தெருவுல குளம்பு சத்தம் கேக்குது, குதிரைல வர்ற ஆளுங்க சத்தமே போடல.

இந்த மாடு வந்த வழி பெருசு. கொலம்பஸ் 1493ல ரெண்டாவது தடவை வந்தப்ப ஏத்திட்டு வந்த ஸ்பானிஷ் மாடுங்க, அப்புறம் வந்த மத்த கப்பல் மாடுங்க, அதுங்க வம்சம் மெக்சிகோ வழியா டெக்சாஸ் காட்டுல தன்னால பெருகி, வறட்சி, நோய், ஓநாய் எல்லாத்தையும் தாங்கினதுங்க மட்டும் மிஞ்சி ஒரு தனி இனமாச்சு. உள்நாட்டுப் போர் முடிஞ்சப்ப டெக்சாஸ்ல 4 டாலருக்கு விக்கிற மாடு வடக்கே 40 டாலர், அதான் அவ்வளவு தூரம் நடத்தியே கூட்டிட்டுப் போனாங்க. அப்புறம் முள்வேலி வந்துச்சு, ரயில் உள்ளூருக்கே வந்துச்சு, சீக்கிரம் கொழுக்குற இங்கிலீஷ் ஜாதி மாடுங்க வந்துச்சு, லாங்ஹார்ன் யாருக்கும் வேணாம்னு ஆயிடுச்சு.

அந்த டெக்சன் பேப்பர் பசங்க டீமுக்கு இந்தப் பேரை எழுத ஆரம்பிச்சப்ப இனம் ஏற்கனவே தேஞ்சுக்கிட்டு இருந்துச்சு. 1927ல அமெரிக்க காங்கிரஸ் 3,000 டாலர் ஒதுக்கி, வனத்துறை ஆளுங்க 30,000 மாட்டுக்கு மேல பாத்து, கலப்பில்லாததுன்னு முப்பது மாடு கூட தேறாம, தேறினதைக் கொண்டு போய் ஒக்லஹோமால விச்சிட்டா மலைக் காப்பகத்துல விட்டாங்க. போர்வையிலயும் பாட்டுலயும் கொம்பு வரைஞ்ச ஊரு அந்த நேரத்துல மாட்டுக்காகக் கொஞ்சம் முன்னாடியே நின்னிருக்கலாம்னு எனக்குத் தோணுச்சு, இன்னும் தோணுது. அப்புறம்தான் டெக்சாஸ்லயும் சிலர் சேந்து அரசாங்க மந்தை ஒண்ணு உருவாக்கினாங்க, 1995ல மாநிலத்தோட விலங்குகள்ல ஒண்ணா அறிவிச்சாங்க.

விச்சிட்டா மந்தை இன்னும் அங்க இருக்கு, காட்டெருமையும் கூடவே மேயுது, ஃபோர்ட் வொர்த்ல இருந்து மூணு மணி நேரம்தான். நாளைக்கு ராத்திரிதான் ஃப்ளைட், காலைல அஞ்சு மணிக்குக் கிளம்பினா பாத்துட்டு வந்துடலாம்னு தம்பி சொல்றான், வண்டில பெட்ரோல் போட்டாச்சு.